கமிட்டிக்கு எழுதுவது இருக்கட்டும், கடிதத்தின் தேதி என்ன?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்படிப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் உதவித்தொகையை வாங்கிக்கொண்டே ஒரு கடையில் பகுதி நேர வேலையும் செய்தேன். 2024 ஏப்ரல் தொடங்கி ஒரு வருடம் வரம்புக்கு மேல் சம்பாதித்துவிட்டேன், நாலாயிரம் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. "பார்லிமென்ட் கமிட்டிக்கு எழுது, அமைச்சரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள்" என்கிறார் கோயிலில் பழக்கமான ஒருவர். எழுதட்டுமா?

பதில்: எழுதலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் கடிதத்தின் மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க அந்தத் தேதியிலிருந்து உங்களுக்கு ஒரு மாதம்தான். தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் கேட்கலாம், ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் கடிதம் அனுப்பியவர்கள் கையில். நீங்கள் கமிட்டிக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் அந்த மாதம் நிற்காது.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. உங்களுக்குக் கடிதம் அனுப்பிய வேலை மற்றும் ஓய்வூதியத் துறையை, அதாவது டிடபிள்யூபியை, கண்காணிக்கவென்றே மக்களவையில் 11 எம்பிக்கள் கொண்ட ஒரு தெரிவுக்குழு இருக்கிறது. அமைச்சரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டுக் கேட்கிறது, ஆவணங்களைக் கேட்டு வாங்குகிறது. பல்லில்லாத குழு என்று சொல்ல முடியாது. 2017 அக்டோபரில் இந்தக் குழுவின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான், உதவி கேட்டு அழைப்பவர்களிடம் நிமிடத்துக்கு 55 பென்ஸ் வரை பிடுங்கிய தொலைபேசி எண்கள் இலவசமாகும் என்று அன்றைய அமைச்சர் டேவிட் காக் அறிவித்தார். மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று காசு கொடுத்து ஆய்வு செய்யச் சொன்ன துறை, அந்த அறிக்கையை வெளியிட மறுத்தபோது, குழு ஆய்வு நிறுவனத்திடமே நேராகக் கேட்டு வாங்கி 2022 பிப்ரவரியில் வெளியிட்டது.

ஆனால் தனிமனிதர்களின் வழக்கை அது எடுக்காது. இது குழுவின் விதி. உங்கள் கடிதத்தை ரத்து செய்யும்படி துறைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரமும் இல்லை. அது பரிந்துரைக்கும், அரசு இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதில் "கவனத்தில் கொண்டோம்" என்றும் வரலாம். உங்கள் விஷயமே அதற்கு உதாரணம். கேரர்ஸ் அலவன்ஸ் அதிகப் பணம் கொடுக்கப்பட்ட சிக்கலை இதே குழு 2019லேயே விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதற்கு ஐந்து வருடம் கழித்தும் உங்களைப் போன்றவர்களுக்கு அதே கடிதம் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு சுவாரசியம், நீங்கள் ஈஸ்ட் ஹாம் என்பதால் சொல்கிறேன். உங்கள் எம்பி ஸ்டீபன் டிம்ஸ் 2020 முதல் 2024 வரை இந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 2024 ஜூலையில் அதே துறையிலேயே அமைச்சரானார். நாற்காலி மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது!

சரி, மறுபரிசீலனைக் கடிதத்தில் என்ன எழுதுவது? இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒன்று, நீங்கள் உண்மையில் வரம்பைத் தாண்டினீர்களா? 2024-25ல் வாரத்துக்கு 151 பவுண்டு வரம்பு, அலவன்ஸ் 81.90 பவுண்டு. ஒரு பவுண்டு கூடினாலும் அந்த வாரத்தின் 81.90 முழுவதும் போய்விடும். ஒரு வருடம் முழுக்க வாரம் ஒரு பவுண்டு கூடியிருந்தால் 4,258.80. உங்களுக்கு வந்திருக்கும் தொகையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இல்லையா? இந்த விதியை வகுத்தவர் கடை வேலைக்குப் போனவராக இருந்திருக்க முடியாது. ஆனால் 151 என்பது கைக்கு வருவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம் அல்ல. வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், நீங்கள் பென்ஷனுக்குக் கட்டியதில் பாதி, இவற்றைக் கழித்த பிறகுதான் கணக்கு. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய சொந்தமல்லாத ஒருவருக்குக் கூலி கொடுத்திருந்தால் அதையும் சம்பளத்தில் பாதி வரை கழிக்கலாம். பே ஸ்லிப் எல்லாவற்றையும் எடுத்துவைத்து வாரவாரியாகப் போட்டுப் பாருங்கள்.

சம்பளம் ஒரு வாரம் கூடி ஒரு வாரம் குறைந்திருந்தால் சராசரி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதை அழுத்தியே கேளுங்கள். கேரர்ஸ் அலவன்ஸில் அதிகமாகக் கொடுக்கப்பட்ட பணம் பற்றி லிஸ் சேய்ஸ் தலைமையில் நடந்த தனி ஆய்வு 2025 நவம்பரில் வெளியானபோது, சராசரி பார்க்கும் விஷயத்தில் துறையின் உள் வழிகாட்டுதல் பல வருடம் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது வெளியே வந்தது. பழைய வழக்குகளை மறுபடி பார்ப்பதாக அரசும் ஒப்புக்கொண்டது. உங்கள் காலமும் அதற்குள் வரக்கூடியதுதான்.

இரண்டு, தாண்டியிருந்தாலும் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? கேரர்ஸ் அலவன்ஸில், நீங்கள் தவறான தகவல் கொடுத்ததாலோ சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதாலோ அதிகப் பணம் வந்திருந்தால்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும். குறைந்த வருமானக்காரர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. சம்பளம் ஏறியபோது நீங்கள் ஃபோனில் சொல்லியிருந்தாலோ ஆன்லைனில் போட்டிருந்தாலோ தேதியோடு எழுதுங்கள். நினைவில்லை என்றால், உங்களைப் பற்றித் துறை வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு விண்ணப்பியுங்கள், இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அது வரும்வரை மறுபரிசீலனையைத் தள்ளிப்போடாதீர்கள். கடன் வசூல் பிரிவை அழைத்து, முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கக் கேளுங்கள்.

மறுபரிசீலனையில் மறுத்தால், அந்தப் பதில் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே குறித்தால் ஏற்பாடு செய்வார்கள், அதற்கும் காசு கிடையாது. பிள்ளைகளை அழைத்துப்போய் அவர்களையே பேசவைக்கும் நம் பழக்கம் இங்கே வேண்டாம்.

நடத்திய விதம் சரியில்லை, பதிலே வரவில்லை என்பது போன்ற புகார்களுக்கு வழி வேறு. முதலில் துறையிடமே புகார். அவர்களின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள், துறை மீதான புகார்களைத் தனியாக விசாரிக்கும் இண்டிபென்டென்ட் கேஸ் எக்ஸாமினர். அதன் பிறகுதான் அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற ஆம்பட்ஸ்மன், அதற்கு எம்பி ஒருவரின் பரிந்துரை வேண்டும். ஆம்பட்ஸ்மன் பேச்சைக்கூட அரசு கேட்டே தீர வேண்டும் என்றில்லை. 1950களில் பிறந்த பெண்களுக்கு ஓய்வூதிய வயது உயர்வைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று 2024 மார்ச்சில் அவர் இழப்பீடு பரிந்துரைத்தார். அந்த டிசம்பரில் அரசு முடியாது என்றது.

எம்பி அலுவலகத்துக்கு இப்போதே போகலாம். அமைச்சராக இருப்பவரும் தன் தொகுதிக்காரர்களின் வேலையைப் பார்க்கத்தான் வேண்டும். நம் ஆள் என்று ஸ்ட்ராட்ஃபர்ட் எம்பி உமா குமரனுக்குச் சிலர் எழுதுகிறார்கள்; வேறு தொகுதிக்காரரின் வழக்கை எடுப்பதில்லை என்பது எம்பிக்களிடையே மரபு. உங்கள் வாசல் உங்கள் தொகுதிதான்.

அப்புறம் கமிட்டி. உங்கள் வழக்கு முடிந்த பிறகு, அந்தக் குழுவின் பக்கத்தில் அலவன்ஸ் சம்பந்தமான விசாரணை திறந்திருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். திறந்திருந்தால் எழுத்துச் சாட்சியமாக அனுப்புங்கள். "எனக்கு நீதி வாங்கித் தாருங்கள்" என்று எழுதினால் ஓரமாகப் போய்விடும். எந்தத் தேதியில் சொன்னீர்கள், எத்தனை மாதம் கழித்துக் கடிதம் வந்தது, எந்த விதியை மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது, இவைதான் அவர்களுக்கு வேண்டும். இரண்டு பக்கம் போதும். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். குழு ஏற்றுக்கொண்ட சாட்சியம் குழுவுக்குச் சொந்தம், அதனால் அவர்கள் வெளியிடும் முன் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள்.