டிராய் என்ன வேலை செய்கிறது, நம்முடைய தகவல் அதனிடம் பத்திரமாக இருக்குமா?

டிராய் (TRAI) என்பது போன், இன்டர்நெட் கம்பெனிகளைக் கண்காணிக்க 1997-ல் சட்டம் போட்டு அமைத்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். கட்டணம், சேவைத் தரம், தொல்லை எஸ்எம்எஸ், நம்பர் மாறாமல் கம்பெனி மாறுவது, இதெல்லாம் அதன் கையில். லைசென்ஸ் கொடுப்பது மட்டும் தொலைத்தொடர்புத் துறை, டிராய் அதற்குப் பரிந்துரை தான் செய்யும்.

உங்கள் சிம் விவரமும் கால் பதிவும் கம்பெனியிடம்தான் இருக்கும், டிராயிடம் இல்லை. ஆனால் கருத்துக் கேட்பு என்று வரும்போது நாமே நம் விவரத்தை அதனிடம் கொடுக்கிறோம். 2015-ல் இணையச் சமத்துவம், அதாவது எல்லா இணையதளத்தையும் கம்பெனிகள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை பற்றிக் கருத்துக் கேட்டார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் மெயில் குவிந்தது, அவற்றை ஏப்ரல் கடைசியில் அனுப்பியவர்களின் மெயில் முகவரியோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு ஒரு பைசா செலவில்லாமல் பட்டியல் கிடைத்தது. யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரியத்தான் வேண்டும், அதற்கு மெயில் முகவரி எதற்கு? அதை மறைத்துவிட்டுப் போடுவது பெரிய தொழில்நுட்பமே இல்லை. எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம் இது. அந்த மெயில்கள் வீண் போகவில்லை என்பதையும் சொல்லணும், 2016 பிப்ரவரியில் தளத்துக்குத் தளம் வேறு வேறு டேட்டா கட்டணம் வைப்பதை டிராய் தடை செய்தது.

அப்புறம், “டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் நம்பரைத் துண்டிக்கப் போகிறோம்” என்று கால் வந்தால் அது மோசடி, உடனே வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.