வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆன்லைனில் பவர் கண்ணாடி வாங்கலாமா?

கேள்வி: வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு வலக்கண்ணில் −4.75, இடக்கண்ணில் −5.25 பவர். இரண்டிலும் கொஞ்சம் சிலிண்டரும் (பார்வைச் சிதறலுக்கான பவர்) உண்டு. மனைவிக்கு 46 வயது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரோக்ரெசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 9 வயது மகளும் கண்ணாடி போடுகிறாள். மூன்று பேருக்கும் சேர்த்து இங்குள்ள கடையில் கேட்டால் மாத பட்ஜெட்டே இடிக்கிறது. ஆன்லைனில் அதில் கால் பங்கு விலைதான் காட்டுகிறது. மூன்றையும் ஆன்லைனிலேயே ஆர்டர் செய்துவிடலாமா? இல்லை, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது செய்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் கண்ணாடியை ஆன்லைனில் வாங்குங்கள். மகளுக்குக் கடையிலேயே வாங்குங்கள். மனைவியின் ப்ரோக்ரெசிவ் கண்ணாடிக்கும் கடைதான் சரி. ஆனால் அவருக்கு வேறொரு வழியில் பணம் மிச்சமாகும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் 'கால் பங்கு' கணக்கைப் பார்ப்போம். கடை விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் தெரியும் 25 என்பது பெரும்பாலும் ஃபிரேமும் சாதாரண 1.50 லென்ஸும் (இந்த எண் கூடக் கூட லென்ஸ் மெலியும்) சேர்ந்த விலை. உங்கள் பவருக்கு அந்த லென்ஸ் சோடாப் புட்டி போலிருக்கும். மெலிந்த லென்ஸுக்கு 12, பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங்குக்கு 5, அனுப்பும் செலவு 5, அந்நியச் செலாவணிக்காகக் கார்டு பிடிக்கும் கட்டணம் 2, இறக்குமதி வரியும் கூரியர் நிறுவனம் அதற்காக வாங்கும் கையாளும் கட்டணமும் 9 என்று வைத்தால் மொத்தம் 58. ஒருமுறை திருப்பி அனுப்ப நேர்ந்தால் இன்னும் 8 கூடும். இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள்தான். ஆனால் எந்தத் தளத்தையும் இந்த வரிசையில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடை விலையோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் லாபம் இருக்கும், விளம்பரத்தில் காட்டும் அளவுக்கு இருக்காது.

வரி விஷயத்தில் நண்பர்கள் சொல்லும் பழைய கணக்கை நம்ப வேண்டாம். சிறு மதிப்புப் பார்சல்களுக்கு இருந்த இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நீக்கிவிட்டது. அமெரிக்கா அதுபோன்ற சுங்க விலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது. நீங்கள் இருக்கும் நாட்டுக்குள்ளிருந்தே அனுப்பும் தளம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். விலை சற்றுக் கூடினாலும் சுங்கம், கூரியர் கட்டணம், திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் சுருங்கிவிடும். வெளிநாட்டுத் தளமாக இருந்து, பணம் கட்டும் பக்கத்தில் 'உங்கள் நாணயத்திலேயே செலுத்தலாம்' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த மாற்று விகிதத்துக்குள் அவர்களுடைய லாபமும் ஒளிந்திருக்கும். தளத்தின் நாணயத்தில் கட்டினால் மாற்றுவது உங்கள் வங்கி. பெரும்பாலும் அதுவே மலிவு. டெபிட் கார்டை விடக் கிரெடிட் கார்டு நல்லது. பொருள் வராமல் போனாலோ, தவறாக வந்து தளம் கைவிரித்தாலோ, வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும்.

அடுத்து, திருப்பித் தரும் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பித் தர உரிமை உண்டு. ஆனால் ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த பொருளுக்கு அந்த உரிமை கிடையாது; பவர் லென்ஸ் அந்த வகைதான். ஆகவே சட்டத்தை நம்பாமல் தளம் தானாக என்ன உறுதி தருகிறது என்று படியுங்கள். 'பவர் ஒத்துவராவிட்டால் லென்ஸை இலவசமாக மாற்றித் தருவோம்' என்பதும் 'எங்கள் தளத்திலேயே மறுபடி வாங்கப் பயன்படும் புள்ளியாகத் தருவோம்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் பணம் உங்கள் கைக்குத் திரும்பாது.

இனி, ஆன்லைனில் பணம் பாழாகும் முக்கியமான இடம்: பி.டி. என்னும் எண். இரண்டு கண்மணிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்வது இது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 54 முதல் 74 வரை இருக்கும். பல நாடுகளில் பரிசோதனைச் சீட்டில் இதை எழுதுவதில்லை. எண் தெரியாதவர்கள் சராசரியான 63-ஐப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் உண்மையான பி.டி. 59 என்றால் ஒவ்வொரு லென்ஸின் மையமும் 2 மி.மீ. விலகி நிற்கும். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் கண்ணுக்கு ஏற்படும் தேவையற்ற ப்ரிசம் (லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் அளவு) கிடைக்கும். வலத்தில் 0.2 × 4.75 = 0.95, இடத்தில் 0.2 × 5.25 = 1.05, இரண்டும் சேர்ந்து 2 ப்ரிசம் டயாப்டர். கண் தசைகள் நாள் முழுக்க இதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். தலைவலியும் கண் சோர்வும் அங்கிருந்துதான் வருகின்றன. −1.00 பவர் உள்ளவருக்கு இதே பிழை 0.4 தான், அவருக்குத் தெரியவே தெரியாது. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று பவர் குறைந்த நண்பர் சொல்வதை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரிசோதனையின்போதே பி.டி.யைக் கேட்டு வாங்குங்கள். வலம், இடம் தனித்தனியாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. தர மறுத்தால் தனிக் கட்டணம் கட்டியாவது அளக்கச் சொல்லலாம். வீட்டில் அளப்பதானால் முகம் பார்க்கும் கண்ணாடியிலிருந்து 20 செ.மீ. தள்ளி நின்று, மி.மீ. கோடு போட்ட அளவுகோலைப் புருவத்தின்மேல் வையுங்கள். வலக்கண்ணை மூடி இடக்கண்மணியின் மையத்தில் பூஜ்யத்தைப் பொருத்துங்கள். தலையை அசைக்காமல் இடக்கண்ணை மூடி, வலக்கண்ணைத் திறந்து அதன் மையத்தில் வரும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறையாவது அளந்து பாருங்கள், 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். பி.டி. அளக்கும் கைபேசி செயலி வங்கிக் கார்டை முகத்தருகே பிடிக்கச் சொல்வது 85.6 மி.மீ. என்ற அதன் நிலையான அகலத்தை அளவுகோலாகக் கொள்ளத்தான். கார்டு சாய்ந்தால் எண்ணும் சாயும்.

ஃபிரேமைப் பொறுத்தவரை, 'சின்ன ஃபிரேம், நடுத்தர லென்ஸ்' என்பதே உங்கள் பவருக்குச் சிக்கனமான வழி. காதுக் கம்பியின் உட்புறம் 50-18-140 போல அச்சிட்டிருக்கும். லென்ஸின் அகலம் 50, மூக்குப் பாலம் 18, கம்பியின் நீளம் 140 மி.மீ. முதல் இரண்டையும் கூட்டினால் 68. இந்தத் தொகை உங்கள் பி.டி.க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு லென்ஸின் வெளி ஓரம் மெலியும். பி.டி. 62, பவர் −5 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 50-18 ஃபிரேமில் 1.60 லென்ஸின் வெளி ஓரம் மையத்தை விட ஏறத்தாழ 3.3 மி.மீ. தடிமன் கூடும். 54-18 ஃபிரேமில் அதே லென்ஸ் 4.3 மி.மீ. கூடும். அந்தப் பெரிய ஃபிரேமில் 1.67 போட்டால் 3.8, மிக விலை உயர்ந்த 1.74 போட்டாலும் 3.5. அதாவது சிறிய ஃபிரேமில் 1.60 செய்வதை, பெரிய ஃபிரேமில் 1.74-ஆல்கூடச் செய்ய முடியவில்லை. 1.60 வகை லென்ஸில் ஓரங்களில் வண்ணம் சிதறுவதும் 1.67, 1.74 வகைகளை விடக் குறைவு. தளத்தில் 'உங்கள் பவருக்குப் பரிந்துரைக்கிறோம்' என்று 1.74 வந்து நிற்கும். தாண்டிப் போய்விடுங்கள்.

பிரதிபலிப்புத் தடுப்புக் கோட்டிங் கட்டாயம் வேண்டும். மெலிந்த லென்ஸ்கள் ஒளியை அதிகம் பிரதிபலிப்பவை. நீல ஒளித் தடுப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். கணினி வேலையால் வரும் கண் சோர்வைச் சாதாரண லென்ஸை விட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023-இல் வந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

எண்களைத் தட்டும்போது அவசரம் வேண்டாம். சீட்டில் ஓடி (OD) என்றால் வலக்கண், ஓஎஸ் (OS) என்றால் இடக்கண். கையெழுத்துச் சீட்டில் ஆக்சிஸ் (சிலிண்டரின் கோணம்) 17-ஆ 170-ஆ என்ற சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் பரிசோதித்தவரிடமே கேளுங்கள். பிளஸ், மைனஸ் குறி மாறுவதுதான் மிக மோசமான தவறு. சில மருத்துவர்கள் சிலிண்டரைப் பிளஸில் எழுதுவார்கள். அது தவறல்ல, அவர்கள் எழுதும் முறை அது. அப்படியே பிளஸ் என்று தட்ட வேண்டும். தளம் மைனஸ் மட்டும் ஏற்றால் மாற்றி எழுதலாம்: முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், ஆக்சிஸை 90 டிகிரி நகர்த்துங்கள். −2.00, +0.75, 90 என்பது −1.25, −0.75, 180 ஆகும். இரண்டும் ஒரே கண்ணாடிதான். பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பிழை யாருடையது என்ற தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

மனைவியின் விஷயம். ப்ரோக்ரெசிவ் லென்ஸில் தூரப் பகுதி எங்கே முடிந்து வாசிக்கும் பகுதி எங்கே தொடங்க வேண்டும் என்பதை, அந்த ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகு கண்மணியிலிருந்து கீழ் விளிம்பு வரை அளந்துதான் தீர்மானிக்க முடியும். 2 மி.மீ. பிசகினாலே வாசிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். அந்த அளவை ஊகத்தில் போட்டு வரும் மலிவுக் கண்ணாடி அலமாரியில் தூங்கும். ஆகவே அதைக் கடையில் செய்யுங்கள். ஆனால் அவருக்கு வீட்டில் படிக்கவும் தைக்கவும் தனியாக ஒரு வாசிப்புக் கண்ணாடி ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். சீட்டில் தூரப் பவர் +0.50, ஆட் (வாசிக்கக் கூட்ட வேண்டிய பவர்) +1.75 என்று இருந்தால் வாசிப்புப் பவர் +2.25. சிலிண்டரும் ஆக்சிஸும் மாறாது. பி.டி.யை மட்டும் 3 மி.மீ. குறைத்துப் போட வேண்டும், கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால். விலை உயர்ந்த ப்ரோக்ரெசிவ் கண்ணாடியை நாள் முழுக்கப் போடாமல் வெளியே போகும்போது மட்டும் போட்டால் அதன் ஆயுளும் கூடும்.

மகளுக்கு ஆன்லைனில் வாங்காதீர்கள். குழந்தைகளின் ஃபிரேம் அடிக்கடி வளையும், மூக்கில் சறுக்கும், ஒவ்வொரு முறையும் கடையில் நிமிர்த்தித் தருவார்கள். பவரும் பி.டி.யும் வளர வளர மாறும். பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பவர் கண்ணாடி விற்பதைப் பதிவுபெற்றவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது செய்வதும் நல்ல வழிதான், ஆனால் போன முதல் இரண்டு நாளிலேயே பரிசோதனையையும் ஆர்டரையும் முடிக்க வேண்டும். விமானம் ஏறும் நாளில் கைக்கு வரும் கண்ணாடியில் குறை இருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. பரிசோதனைச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். கண் அழுத்தம், விழித்திரைக் கோளாறு எல்லாம் தெரியவருவது அங்கேதான். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்து, அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அது நிலைப்பட்ட பிறகே பவர் பார்க்க வேண்டும். சர்க்கரையோடு பவரும் ஆடும். இந்த மாதம் செய்த கண்ணாடி அடுத்த மாதம் உதவாது.

கண்ணாடி வந்ததும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். கதவுச் சட்டம் நேராகத் தெரிகிறதா, தரை சரிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிரு நாள் லேசான தடுமாற்றம் இயல்பு. ஒரு வாரம் கழித்தும் தலைவலி இருந்தால் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பவரையும் மையங்களின் தூரத்தையும் எழுதி வாங்குங்கள். சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். அந்த எண்களையும் நீங்கள் பிடித்து வைத்த படத்தையும் சேர்த்து அனுப்பினால் தளத்தோடு பேச்சு சீக்கிரம் முடியும். திருப்பி அனுப்பும் கெடு தேதியை நாட்காட்டியில் முன்பே குறித்துவிடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் மருத்துவக் காப்பீடு இருந்தால், அதில் கண்ணாடிக்கென்று ஆண்டுத் தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று ஆர்டருக்கு முன் விசாரியுங்கள். சில திட்டங்கள் ஆன்லைன் பில்லையும் ஏற்கும். ஆனால் ஃபிரேம், லென்ஸ், கோட்டிங் என்று தனித்தனியே விலை பிரித்த பில்லும் பரிசோதனைச் சீட்டின் நகலும் கேட்பார்கள். அந்தத் தொகை பெரிதாக இருந்தால் மகளுடையதையும் மனைவியின் ப்ரோக்ரெசிவையும் அதில் போட்டுவிட்டு, உங்களுடையதைக் கைக்காசில் வாங்குவது லாபம்.

முதல் ஆர்டரில் உங்களுக்கு ஒரே ஒரு கண்ணாடி மட்டும் போடுங்கள். இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்று வந்தாலும் வேண்டாம். அளவில் பிழை இருந்தால் இரண்டும் வீண். இரண்டு வாரம் போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால், அதே எண்களோடு, அதே அளவு ஃபிரேமில் இரண்டாவதை வாங்கி வையுங்கள். −5 பவர் உள்ளவருக்கு மாற்றுக் கண்ணாடி அவசியம். கையிலிருக்கும் ஒன்று உடைந்த அன்று, அவசரத்தில் கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது.