தர்க்கம் படிக்க விரும்பும் மகளும் தந்தையின் கவலையும்

குடியாத்தத்திலிருந்து கடிதம் எழுதிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் பொறியியல் வேண்டாம், தர்க்கவியல் (logic) படிக்க வேண்டும் என்கிறாள். நியூட்டனின் விதிகள் தோராயமானவை என்றால் அவற்றை உண்மை என்பதா, பொய் என்பதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். அது வீண் கேள்வி அல்ல. புதன் கோளின் சுற்றுப்பாதை நியூட்டன் வழிக் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவதை 1915-இல் ஐன்ஸ்டைனின் கோட்பாடுதான் விளக்கியது. ஆனாலும் பாலாற்றுப் பாலத்துக்குக் கணக்குப் போடுபவருக்கு நியூட்டனே போதும்.

உண்மை, பொய் ஆகியவற்றோடு மூன்றாவது மதிப்பொன்றை 1920-இல் போலந்தின் தர்க்கவியலாளர் லுகாசியேவிச் முன்வைத்தார். 1965-இல் கணினி அறிவியலாளர் லொத்ஃபி சாதே, ஒன்று 0-க்கும் 1-க்கும் இடையே எந்த அளவிலும் உறுப்பாக இருக்கக்கூடிய கணங்களை (sets) வகுத்தார். ஆயினும் ஒரு கோட்பாட்டுக்கு 0.9 என்று மதிப்பிட்டுவிட்டால் மட்டும் விளக்கம் கிடைத்துவிடாது. எந்த வேகத்தில், எந்த ஈர்ப்பில், எவ்வளவு பிழையோடு அது பொருந்துகிறது என்று கணக்கிட்டால்தான் தோராயம் என்ற சொல்லுக்குப் பொருள் வரும். ஆகவே தர்க்கத்தை மட்டும் தனியே பிடித்துக்கொள்ளாமல், கணிதத்தை அடித்தளமாகக் கொள்வதே நல்லது.

வேலை பற்றிய தங்கள் அச்சமும் நியாயமானதே. தர்க்கத்துக்கென்றே உள்ள பணியிடங்கள் குறைவு. ஆராய்ச்சிக்குப் போக முனைவர் பட்டம் வரை பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சி கணினித் துறையில் நேரடியாகப் பயன்படும். ஒரு மருத்துவமனையின் நோயாளர் பட்டியலில் சிலரது வயது பதியப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் தகவல் தேடப் பயன்படும் எஸ்.க்யூ.எல். (SQL) மொழியில் ‘வயது 60-க்கு மேல்’ என்று கேட்டாலும், ‘60 அல்லது அதற்குக் கீழ்’ என்று கேட்டாலும் அவர்கள் இரண்டிலும் வரமாட்டார்கள்; அங்கே விடை ‘தெரியாது’ என்னும் மூன்றாவது மதிப்பு. இதை அறியாதவர் போடும் கூட்டல் தவறிவிடும்.

வேலூரிலேயே ஊரிசு கல்லூரியிலும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலும் பி.எஸ்சி. கணிதம் படிக்கலாம், சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வையும் அவள் எழுதிப் பார்க்கட்டும். எங்கே சேர்ந்தாலும் நிகழ்தகவையும் நிரல் எழுதுவதையும் விட்டுவிடக் கூடாது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஊசலின் அலைவு நேரத்துக்குப் பள்ளியில் படித்த சூத்திரம், 10 பாகை வீச்சில் சுமார் 0.2 விழுக்காடும் 60 பாகையில் சுமார் 7 விழுக்காடும் பிழைபடும். கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பார்த்த பிறகு, ஏன் இப்படி என்று அவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் தயங்காமல் கணிதத்தில் சேருங்கள். இன்னும் துல்லியமாக அளக்க வழி தேடினால் இயற்பியலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.