உபயோகம் குறைந்தும் கேஸ் பில் ஏறுகிறதே?

ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு குளிர்காலமாக ஹீட்டரைக் குறைத்தே வைத்தும் கேஸ் பில் ஏறுகிறது, 'பழைய குழாய்களை மாற்றுகிறோம்' என்று நகரம் காரணம் சொல்வது சாக்குதானா என்று கேட்டிருந்தீர்கள்.

சாக்கு இல்லைங்க. முதலில் பில்லை வரி வரியாகப் பாருங்கள். கேஸின் விலை ஒரு வரி. அதை வீடுவரை கொண்டுவரும் விநியோகக் கட்டணம் இன்னொன்று. மாதாந்திர நிலைக்கட்டணம் வேறு. மாதம் முழுக்க அடுப்பே பற்றவைக்காவிட்டாலும் அது வரும். நீங்கள் மிச்சம் பிடித்தது முதல் இரண்டில் மட்டும்தான்.

அப்புறம், அந்தக் குழாய்கள். பழையவற்றில் பல வார்ப்பிரும்பு. அது வளையாது. குளிரில் மண் உறைந்து அசையும்போது விரிசல் விடும். 2011 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் நகரில் 1928இல் பதித்த குழாய் விரிசல்விட்டு வெடித்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். மறு ஆண்டே, குழாய் மாற்றும் செலவைத் பில்லில் தனிக் கூடுதல் கட்டணமாக வசூலிக்க பென்சில்வேனியா சட்டம் வழிசெய்தது.

உங்கள் கேஸ் நிறுவனம் நகரத்துக்கே சொந்தம். அதில் முதல் போடப் பங்குதாரர் கிடையாது. குழாய் மாற்றும் பணம் உங்கள் பில்லிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கடன்பத்திரம் விற்றுக் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனுக்கான வட்டியும் கடைசியில் பில்லில்தான் வந்து விழும்.

எனக்கு உறுத்துவது நிலைக்கட்டணத்தை ஏற்றுவதுதான். சின்ன வீட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே சுமை! கட்டண உயர்வு பற்றிய விசாரணையில் பொதுமக்கள் பேசலாம். போனால் இதைக் கேளுங்கள்: போன வருடம் எத்தனை மைல் குழாய் மாற்றினீர்கள், மீதி எத்தனை மைல்?