சைலன்சர் குழாய் ஓட்டை: எதை வாங்குவது?

கேள்வி: அப்பா ஓட்டிய 16 வருடத்து டீசல் லாரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். சைலன்சருக்கு முன்னால், குழாயில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை. புதுக் குழாய் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை ஓட்டை அடைக்கும் பேஸ்ட் வாங்கிப் பூசலாமா, சூடு தாங்கும் பட்டி (பேண்டேஜ்) வாங்கிச் சுற்றலாமா? அப்படியே இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோகலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர், சிங்கப்பூர்

பதில்: எதையும் வாங்கும் முன், குழாய் நன்றாக ஆறியதும் ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் ஒட்டுப்போடலாம். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கினால் ஒரு காசும் செலவழிக்காதீர்கள், எதுவும் பிடிக்காது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நம் ஊரின் குட்டிப் பயணங்களில் குழாய் முழுதாகச் சூடாவதில்லை. அந்த ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரிவது பாதிதான்.

தகடு கெட்டி என்றால் இரண்டும் தேவை. பேஸ்ட் மட்டும் ஊசித்துளைக்குத்தான் தாங்கும். கம்பி பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். காலி மைலோ டின்னில் ஒரு துண்டு வெட்டி, அடியில் பேஸ்ட் தடவி ஓட்டைமேல் வைத்து, மேலே பட்டி சுற்றி, இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். பிறகு திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டால் சூட்டில் இறுகும். அடுக்குமாடி கார்பார்க்கில் வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் எபாக்சி மலிவுதான், ஆனால் இந்தச் சூட்டில் இளகிவிடும்.

ஒட்டிய பிறகும் கேபினுக்குள் புகை வாடை வந்தால் லாரியை எடுக்காதீர்கள். வாடை இல்லை என்பதற்காகவும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி இறங்கிவிடுங்கள். பின்னால் ஆட்களை ஏற்றும் லாரி என்றால் இந்த மூன்று வாரமும் அவர்களை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு இப்படியே போக வேண்டாம். 10 வருடம் தாண்டிய லாரிக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான், அங்கே புகையையும் சத்தத்தையும் பார்ப்பார்கள். புதுக் குழாய் மாட்டிய பிறகே தேதி எடுங்கள்.

அப்புறம், அந்தக் குழாய். லாரியை இங்கே 20 வருடம்தான் ஓட்டலாம், உங்களுக்கு மீதி நாலு. விலை கூடிய ஸ்டெயின்லெஸ் தேவையில்லை, அலுமினியம் பூசிய இரும்பே போதும். கேஸ்கெட், கிளாம்ப், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்துத்தான் விலையா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.