விற்கவில்லை ஐயா, மாற்றிக்கொண்டார்கள்

கேள்வி: ஓலெக் ட்வெர்டோவ்ஸ்கி உக்ரைனில் பிறந்த ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றவர். அப்படிப்பட்டவரை அணிகள் ஏன் திரும்பத் திரும்ப விற்றன?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: யார் விற்றார்கள்? கால்பந்தில்தான் ஆளை விற்பார்கள். ஒரு கிளப் பணத்தை எண்ணிக் கொடுக்கும், இன்னொரு கிளப் ரசீது போடும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் பெரும்பாலும் நடப்பது பண்டமாற்று. நெல்லைக் கொடு, உப்பை வாங்கு. ஓர் ஆளுக்கு ஓர் ஆள். எடை குறைந்தால் கூட ஒரு பையனைப் போடுவார்கள். அப்படியும் தராசு சாயவில்லையா, புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தங்கள் முறையை விட்டுக்கொடுப்பார்கள். அதாவது, இன்னும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் கொசுறு.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானும் பண்டமாற்றில் போனவன்தான். நான் முதலில் வேலை பார்த்த பத்திரிகை கை மாறியபோது ஒரு பட்டியல் எழுதினார்கள். டிரெடில் மிஷின் ஒன்று, ஈய எழுத்துப் பெட்டிகள் பதினாறு, உதவி ஆசிரியர் ஒருவர், சுவர்க் கடிகாரம் ஒன்று, ஓடாது. அந்த 'ஓடாது' கடிகாரத்துக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா என்பதில் புது முதலாளிக்குக் கடைசி வரை சந்தேகம் தீரவில்லை. மூன்று மாதத்தில் டிரெடிலைத் தள்ளிவிட்டு ஒரு கட்டிங் மிஷின் வாங்கினார். கடிகாரத்தை மருமகன் எடுத்துப் போனார். என்னை யாரும் கேட்கவில்லை.

ட்வெர்டோவ்ஸ்கியை ஆட்கள் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

நீங்கள் எழுதிய பெயரை அப்படியே அச்சேற்றியிருக்கிறேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் இதைத் 'துவெர்தோவ்சுக்கி' ஆக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராதாம். இலக்கணப்படி அவர் சொல்வது சரிதான். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஆட்டத்தின் பெயரையும் 'பனிவளைகோற்பந்தாட்டம்' என்று திருத்தி வைத்திருந்தார். ஐயா, அங்கே பந்தே கிடையாது! ஒரு அங்குல கனம், மூன்று அங்குல அகலம், சுமார் 165 கிராம் எடையில் ஒரு ரப்பர் வில்லை. துளையில்லாத உளுந்து வடை என்று வைத்துக்கொள்ளுங்கள். துள்ளக்கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதைக் குளிரில் உறைய வைக்கிறார்கள். நேற்றுப் போட்ட வடை எங்கள் அலுவலகக் கேன்டீனில் அந்த உதவி இல்லாமலே அந்தப் பதத்துக்கு வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1994 புதுமுகத் தேர்வில் இரண்டாவது ஆளாக ட்வெர்டோவ்ஸ்கியை எடுத்தது அனாஹெய்ம் மைட்டி டக்ஸ். டிஸ்னி நிறுவனம் தன் படம் ஒன்றின் பெயரையே தன் அணிக்கு வைத்திருந்தது. டொனெட்ஸ்க்கில் பிறந்து, மாஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன் கலிஃபோர்னியாவில் போய் வாத்து ஆனான். 1996 பிப்ரவரியில் வாத்துகள் அவரையும் சாட் கில்கரையும் கனடாவின் வினிபெக் அணிக்குக் கொடுத்து டீமு செலான்னேயை வாங்கினார்கள். செலான்னே தன் முதல் சீசனிலேயே 76 கோல் போட்டவர். புதுமுகங்களில் அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அவருக்கு ஈடாகத் தராசின் மறுதட்டில் வைக்கப்படுவது அவமானமா, மரியாதையா?

அதே 1996 தொடக்கத்தில்தான் டொனெட்ஸ்க்கில் அவருடைய அம்மாவைக் கடத்தினார்கள். கேட்ட தொகை இரண்டு லட்சம் டாலர். கடத்தியவர்களில் ஒருவர், அந்தப் பையனுக்குச் சிறுவயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர். போலீஸ் அம்மாவை உயிரோடு மீட்டது. பையன் இதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. பின்னால்தான் செய்தி வெளியே வந்தது. நாம் பையனின் ஆட்டத்தைப் புள்ளிவிவரத்தில் தேடுகிறோம். அந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு தடவை தொலைபேசி மணி அடித்தபோதும் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

அந்தக் கோடையில் வினிபெக் அணியையே மூட்டை கட்டி அரிசோனா பாலைவனத்துக்கு, ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1996-97 சீசனில் 10 கோல் போட்டார், 45 கோலுக்கு வழி செய்தார். தடுப்பாட்டக்காரர் இதைச் செய்யலாமா என்றால், அங்கேதான் நீங்கள் கேட்ட 'ஏன்' இருக்கிறது. அவர் தடுக்க நிற்கிற ஆளே இல்லை. வேகமாகச் சறுக்குவார், வில்லையை எடுத்துக்கொண்டு எதிராளி எல்லைக்குப் போய்விடுவார். தோப்புக்குக் காவல் வைத்த ஆள் பக்கத்துத் தோப்பில் மாங்காய் பறிக்கப் போன கதை. மாங்காய் நிறைய வரும் வரை முதலாளிக்குச் சந்தோஷம். சொந்தத் தோப்பில் காய் குறைந்த அன்று பண்டமாற்று. 1999இல் டிராவிஸ் கிரீனையும் ஒரு தேர்வு முறையையும் கொடுத்து வாத்துகளே அவரைத் திரும்ப வாங்கினார்கள். 2002இல் மறுபடி கொடுத்தார்கள், இந்தமுறை நியூ ஜெர்சிக்கு.

இந்த 2002 பண்டமாற்றுதான் எனக்குப் பிடித்தது. ட்வெர்டோவ்ஸ்கி, ஜெஃப் ஃப்ரீசன் இன்னும் ஒருவர் இந்தப் பக்கம். பீட்டர் சிகோரா, மைக் கொமடோர் முதலானோர் அந்தப் பக்கம். அடுத்த வருடமே ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் கொடுத்தவரும் வாங்கியவரும் மோதினார்கள்! ஏழாவது ஆட்டம் வரை போய் நியூ ஜெர்சி வென்றது. கடைசி ஆட்டத்தில் விழுந்த மூன்று கோலில் இரண்டு ஃப்ரீசன் போட்டது. எந்தச் சம்பந்தி சண்டையிலும் இவ்வளவு சுவை இருக்காது. அப்புறம் ட்வெர்டோவ்ஸ்கி ஓம்ஸ்க் போய் 2004இல் ரஷ்யச் சாம்பியன் ஆனார். திரும்பி வந்து 2006இல் கரோலைனாவோடு இரண்டாவது ஸ்டான்லி கோப்பை. அந்தக் கரோலைனா அணியில் இன்னொரு தடுப்பாட்டக்காரர் யார் தெரியுமா? மைக் கொமடோர். நெல்லும் உப்பும் ஒரே சட்டியில் வெந்திருக்கின்றன. ஒரு சீசன்தான், அந்தச் செப்டம்பரில் ட்வெர்டோவ்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

'உக்ரைனில் பிறந்த' என்று ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். போன மாதம் ஒரு நாளிதழ் இப்படிப்பட்ட ஒருவரை ஒரே பத்தியில் இரண்டு நாட்டுக்காரராக்கியிருந்தது. ட்வெர்டோவ்ஸ்கி 2002 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது ரஷ்யச் சட்டையில். அதே ஒலிம்பிக்கில் உக்ரைனுக்கும் ஓர் அணி இருந்தது. கீவில் பிறந்த ருஸ்லான் ஃபெடோடென்கோ அதில் ஆடினார். சோவியத் யூனியன் கலைந்தபோது ட்வெர்டோவ்ஸ்கிக்கு வயது பதினைந்து. யார் எந்தச் சட்டையைப் போட்டார்கள் என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

டொனெட்ஸ்க்கைப் பற்றி ஒன்று. அங்கே 'ட்ரூஷ்பா' என்று ஒரு ஐஸ் அரங்கம் இருந்தது. அந்தச் சொல்லுக்கு நட்பு என்று பொருள். 2014 மே மாதம் ஆயுதக்காரர்கள் புகுந்து சூறையாடித் தீ வைத்தார்கள்.

இந்தப் பக்கம் இனி மெய்ப்புக்குப் போகும். 'ட்வெ' பிழைத்து உங்கள் கைக்கு வந்தால், மெய்ப்புத் திருத்துநர் விடுப்பில் இருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.