பள்ளி வளாகமும் போலீஸும்: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் நம் பெற்றோர் குழுவில் போலீஸ், பாதுகாப்பு, சட்டம் என்று கேள்விகள் குவிய ஆரம்பிக்கும். இந்த முறை வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டின் (வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பாதுகாப்புக் குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவள். சட்டப் புத்தகத்தையும் கூட்டங்களில் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

அக்கா, பள்ளி வாசலில் நிற்கும் ஆபீசர் நிஜ போலீஸா, இல்லை நம்ம ஊர் வாட்ச்மேன் மாதிரியா?

நிஜ போலீஸ். இதை முதலில் மனதில் பதிய வையுங்கள், மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

டெக்சாஸ் கல்விச் சட்டம் 37.081-ன்படி ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனக்கென்று போலீஸ் துறையே வைத்துக்கொள்ளலாம். ஹூஸ்டன், டல்லஸ், கேட்டி டிஸ்ட்ரிக்ட்களில் அப்படித்தான். மாநிலம் முழுக்க இப்படி 300-க்கும் மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. நகரப் போலீஸுக்கு இருக்கும் அதே மாநில உரிமம், துப்பாக்கி, கைது செய்யும் அதிகாரம் எல்லாம் இவர்களுக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், இவர்களின் தலைமை அதிகாரி மேயருக்குக் கீழே இல்லை, டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தனித் துறை இல்லாத இடங்களில் நகரப் போலீஸிலிருந்தோ கவுன்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகத்திலிருந்தோ ஆளை அனுப்புவார்கள். நியூயார்க்கில் இருந்து மாறி வந்தவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே பள்ளிகளில் நிற்கும் ஏஜென்ட்கள் நகரப் போலீஸைச் சேர்ந்தவர்களானாலும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி, மாணவர்களின் அன்றாட ஒழுங்கு விஷயங்களுக்குப் போலீஸை அனுப்பக் கூடாது. பாடம் எழுதவில்லை, வகுப்பில் பேசினான், சட்டையை ஒழுங்காகப் போடவில்லை என்பதெல்லாம் ஆசிரியர், பிரின்சிபல் பார்க்க வேண்டியவை. அப்படி ஒரு காரணத்துக்காக உங்கள் பிள்ளையை ஆபீசரிடம் அனுப்பினால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது சண்டை போடுவது ஆகாது.

என் பையனுக்கு 17 வயது. பையில் வேப் (மின் சிகரெட்) இருந்தது என்று பள்ளியிலிருந்து போன். "சின்னப் பையன், கண்டித்து விட்டுவிடுவார்கள்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா?

வேப்புக்குள்ளே என்ன இருந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வெறும் நிகோட்டின் என்றால் பெரும்பாலும் பள்ளி நடவடிக்கையோடு முடியும். 2023-ல் வந்த சட்டம், வேப் பிடிபட்டாலே மாற்றுப் பள்ளிக்கு (ஒழுங்கு நடவடிக்கைக்காகப் பிள்ளைகளைத் தனியாக வைக்கும் இடம்) அனுப்பியாக வேண்டும் என்றது. 2025-ல் முதல் தடவைக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

உள்ளே கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. எண்ணெய் இருந்தால் கதை வேறு. டெக்சாஸில் கஞ்சா இலைக்கு ஒரு சட்டம், அதிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு வேறு சட்டம். எண்ணெய் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம். பள்ளியைச் சுற்றி 1,000 அடி வரை போதைப்பொருள் தடை வளையம், அதற்குள் பிடிபட்டால் தண்டனை ஒரு படி ஏறும். அப்புறம், நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்: டெக்சாஸில் 17 வயது ஆனவனைக் குற்றவியல் சட்டம் பெரியவனாகத்தான் பார்க்கிறது. சிறார் நீதிமன்றம் 16 வயதோடு முடிந்துவிடுகிறது. 17-க்கு கவுன்டி சிறைதான்.

எச்-4 விசாவிலோ (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) கிரீன் கார்டிலோ இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். "குற்றத்தை ஒப்புக்கொள், டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவது) வாங்கித் தருகிறேன், ரெக்கார்டில் தண்டனையே இருக்காது" என்று ஒரு குற்றவியல் வக்கீல் நல்ல மனதோடு சொல்லலாம். டெக்சாஸ் சட்டத்தில் அது சரி. ஆனால் ஒப்புக்கொண்டு வாங்கிய அந்தத் தீர்வை மத்தியக் குடியேற்றச் சட்டம் தண்டனையாகத்தான் எண்ணும். அதனால் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் கட்டாயம் பாருங்கள். இரண்டு பேருக்கும் பீஸ் கொடுப்பது கஷ்டம்தான். இருந்தாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எங்களைக் கூப்பிடாமல் என் 13 வயது மகளிடம் போலீஸ் விசாரிக்கலாமா?

விசாரிக்கலாம். கைது செய்த பிறகு பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே உங்களைக் கூப்பிட்டாக வேண்டும் என்ற பொது விதி கிடையாது.

வட கரோலினா சாப்பல் ஹில்லில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், 13 வயது. வீடு புகுந்து திருடிய வழக்கு ஒன்றில் அவனை வகுப்பிலிருந்து அழைத்துப் போய், கதவு சாத்திய அறையில் போலீஸும் பள்ளி நிர்வாகிகளும் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கும் மேல் கேள்வி கேட்டார்கள். அவனுடைய சட்டப்பூர்வப் பாதுகாவலர் பாட்டி. அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. "பேசாமல் இருக்கலாம், எழுந்து போகலாம்" என்று அவனிடம் ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விசாரணையின்போது ஒரு பிள்ளை போலீஸ் காவலில் இருந்ததா என்று முடிவு செய்கையில் அதன் வயதையும் பார்க்க வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது.

பையைச் சோதிப்பதிலும் இதே போல் ஒரு வேறுபாடு இருக்கிறது. பிரின்சிபல் பையைத் திறந்து பார்க்க நியாயமான சந்தேகம் போதும், 1985-லிருந்து அதுதான் சட்டம். போலீஸ் தன் வழக்குக்காகத் தானே சோதிப்பது என்றால் பொதுவாக அதைவிட வலுவான காரணம் வேண்டும். அதற்காகப் பள்ளி எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று இல்லை. அரிசோனாவில் தலைவலி மாத்திரை தேடி ஒரு 13 வயதுப் பெண்ணின் உடையைக் களையச் சொன்னது சட்டவிரோதம் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாம் வளர்ந்த விதத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: பெரியவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவார். ஆசிரியரிடம் அது சரி. சீருடைக்காரரிடம் சொன்னது சாட்சியமாகிவிடும். அதனால் உங்கள் மகளுக்கு இந்த ஒரு வரியைப் பழக்குங்கள்: "சார், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. அம்மா அப்பா வந்த பிறகு பேசுகிறேன்." பொய் சொல்ல வேண்டாம், ஓட வேண்டாம், எதிர்த்துப் பேச வேண்டாம். வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வையுங்கள். பயத்தில் இருக்கும்போது பழகின வார்த்தைதான் வாயில் வரும்.

விளையாட்டு சாட்டில் "நாளைக்கு எல்லாரையும் சுடப் போறேன், ஸ்கூலுக்கு வராதீங்க" என்று நண்பன் போட்டதை என் மகன் சிரிப்பு எமோஜியோடு பகிர்ந்திருக்கிறான். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். டெக்சாஸில் பள்ளியில் துப்பாக்கியைக் காட்டுவேன், பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதே குற்றம். பள்ளியைப் பற்றி ஆபத்து என்று பொய்த் தகவல் கிளப்பினால் அது ஃபெலனி. "ஜோக்" என்ற விளக்கத்தைக் கேட்கும் மனநிலையில் இங்கே யாரும் இல்லை. 2018-ல் சான்டா ஃபே பள்ளியில் 10 பேர், 2022-ல் உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாநிலம் இது.

மகனிடம் எதையும் அழிக்கச் சொல்லாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு உண்மையோ விளையாட்டோ, இன்றைக்கே பள்ளிக்குத் தெரியப்படுத்த வேண்டும். மகனும் பகிர்ந்திருப்பதால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு அவர் வழியாகச் சொல்வது நல்லது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

2019 முதல் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் அச்சுறுத்தலை மதிப்பிடும் குழு இருக்கிறது. ஆலோசகர், ஆசிரியர், போலீஸ் என்று பல துறை ஆட்கள் சேர்ந்து பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். தண்டிப்பது மட்டும் அவர்கள் வேலை இல்லை, உதவி ஏற்பாடு செய்வதும் சேர்த்திதான். உங்கள் பிள்ளையை மதிப்பிடுவதற்கு முன் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 2023-லிருந்து சட்டம் இருக்கிறது.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்ட்ரிக்ட் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. பொங்கல் விழாவுக்குக் கரும்பு வெட்ட அரிவாள் கொண்டு போகலாமா?

வேண்டவே வேண்டாம். ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நீளமான வெட்டும் பகுதி உள்ள கத்தியைப் பள்ளியின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு போவது மூன்றாம் நிலை ஃபெலனி. 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கட்டடம் பள்ளி இல்லை என்று ஆகிவிடாது. கரும்பை வீட்டிலேயே துண்டு போட்டு டப்பாவில் எடுத்துப் போங்கள். கேக் வெட்ட பிளாஸ்டிக் கத்தி போதும்.

இதே கேள்வியில் ஒருவர் கார் துப்பாக்கி பற்றியும் கேட்டிருந்தார். டெக்சாஸ் சட்டத்தில் "பள்ளி வளாகம்" என்றால் பொதுவாகக் கட்டடம்தான், கார் நிறுத்துமிடம் அதில் சேராது. ஆனால் மத்தியச் சட்டம் பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடி வரை துப்பாக்கிக்குத் தடை போடுகிறது. இதில் ஒரு டெக்சாஸ் கதை உண்டு. 1992-ல் சான் அன்டோனியோவில் 12-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குக் கைத்துப்பாக்கி கொண்டுவந்த வழக்கில், அந்த 1990 மத்தியச் சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் திருத்தித் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. மாநில உரிமம் உள்ளவர்களுக்கும், குண்டு இல்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. 2021 முதல் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை நம்பிப் பள்ளி வாசலில் நிற்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பின்பக்கக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று அதன் இடுக்கில் யாராவது ஒரு நாற்காலியையோ தண்ணீர்ப் பாட்டிலையோ செருகி வைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வெளிக் கதவுகள் பூட்டுகின்றனவா என்று வாரா வாரம் சோதிக்க வேண்டும் என்பது இப்போது மாநில விதி.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் பள்ளி வேலிக்கு வெளியே நின்று பேத்திக்குக் கையசைத்தாராம். ஆபீசர் வந்து விசாரித்ததில் மனிதர் ரொம்ப நொந்துபோய்விட்டார்.

அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இது அவர் மேல் சந்தேகம் இல்லை. யாராக இருந்தாலும் கேட்பார்கள். உள்ளே போக வேண்டுமென்றால் அரசு கொடுத்த போட்டோ அடையாள அட்டை கேட்டு, பாலியல் குற்றவாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க டிஸ்ட்ரிக்ட்டுக்கு உரிமை உண்டு. பாஸ்போர்ட் பொதுவாகப் போதும். எப்படியும் வெளிநாட்டவர் ஐ-94 போன்ற பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். சட்டைப் பையில் ஒரு பிரின்ட் இருக்கட்டும். பேத்தியை அழைத்து வருபவர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் கூடவே போய் அலுவலகத்தில் அறிமுகப்படுத்தி வையுங்கள்.

"செக்யூர்" என்று ஒரு மெசேஜ் வந்தது, குழுவில் எல்லோரும் லாக்டவுன் என்று அலறிவிட்டார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. செக்யூர் என்றால் ஆபத்து வெளியே: எல்லோரும் உள்ளே வந்து வெளிக் கதவுகள் பூட்டப்படும், பாடம் நடக்கும். பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையாவது துரத்தினால்கூட இது வரும். லாக்டவுன் என்றால் ஆபத்து உள்ளே: பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாமல் இரு. இந்த வார்த்தைகளை வகுத்தது, 2006-ல் கொலராடோவின் பிளாட் கேன்யன் பள்ளியில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் தொடங்கிய அமைப்பு.

லாக்டவுன் என்றாலும் பள்ளிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், ஆம்புலன்ஸ் வழி அடைபடும். பிள்ளைகளை ஒப்படைக்கும் இடத்தைப் பள்ளியே சொல்லும். அங்கே அடையாள அட்டையும் பட்டியலில் பெயரும் இல்லாமல் யாரிடமும் பிள்ளையை விடமாட்டார்கள். 2025-ல் வந்த சட்டத்தால் பள்ளி நேரத்தில் பிள்ளைகள் போன் பயன்படுத்த முடியாது, அதனால் உங்கள் நம்பர் பள்ளிப் பதிவில் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய ஆள் இருக்கிறாரே, அது போதாதா?

2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.பி. 3 என்ற டெக்சாஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆள் கிடைக்காத டிஸ்ட்ரிக்ட்கள் காரணம் காட்டி, பயிற்சி பெற்ற ஊழியரை வைத்துச் சமாளிக்கலாம். உங்கள் பள்ளியில் இருப்பவர் முழு போலீஸா, பயிற்சி பெற்ற ஊழியரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போதுமா என்றால், என் பதில் இல்லை. உவால்டிக்கு அன்றைக்கு வந்து சேர்ந்த போலீஸ்காரர்கள் 376 பேர். வகுப்பறைக்குள் போக 70 நிமிடத்துக்கும் மேல் ஆனது. யார் தலைமை என்று தெளிவில்லை. துப்பாக்கிக்காரன் நுழைந்த வகுப்பறை ஒன்றின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் முன்னமே தெரிந்திருந்தது. கூட்டங்களில் துப்பாக்கி பற்றி எல்லோரும் பேசுவார்கள். பூட்டைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் பாதுகாப்புக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு, ஒவ்வொரு செமஸ்டரும் கூட வேண்டும். நம் ஆட்கள் அதில் மிகக் குறைவு, வாருங்கள்.

ஸ்கூல் பஸ் எதிர்ப்பக்கம் நின்றாலும் நிறுத்த வேண்டுமா?

ஆமாம். நடுவில் தடுப்பு இருந்தால் மட்டும் விலக்கு. இடதுபுறம் திரும்பும் நடு லேன் தடுப்பு ஆகாது. முதல் தடவைக்கே 500 முதல் 1,250 டாலர் வரை அபராதம்.

பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாதா?

ஆகாது. துப்பாக்கியோடு பள்ளியைத் தாக்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது கிடைத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து என்று அமெரிக்க அதிபரின் பாதுகாப்புப் படையான சீக்ரெட் சர்வீஸின் 2019 ஆய்வு சொல்கிறது. குண்டு போட்ட துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்குப் போனால் டெக்சாஸில் அது குற்றமும்கூட. நம் தமிழ் வீடுகளிலும் இப்போது துப்பாக்கி இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் பேசுவோம். அலர்ஜி பற்றிச் சொல்லும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்: "இவனுக்கு வேர்க்கடலை ஆகாது. அப்புறம், வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கும்?" நான் கேட்ட வீடுகளில் யாரும் கோபப்பட்டதில்லை. ஒருவர் லாக்கரைத் திறந்து காட்டாமல் இழுத்துப் பார்த்துக் காட்டினார்.